தினமும் பார்த்ததுதான் முதலில் மறக்கும்

ஒருவர் இறந்தபின் அவரைப் பற்றிய சில செய்திகள் தாமாகவே பிழைத்துக்கொள்கின்றன. பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது. பார்த்த வேலை ஓய்வூதியப் புத்தகத்தில் இருக்கிறது. கட்டிய வீடு பத்திரத்தில் இருக்கிறது. கல்யாணம் ஆல்பத்தில் இருக்கிறது. எந்தக் காகிதத்திலும் ஏறாத இன்னொரு பகுதி உண்டு. இட்லி மாவைக் கையால்தான் கலக்க வேண்டும் என்ற பிடிவாதம், கேஸ் அடுப்பை மூடியாயிற்றா என்று படுத்தபின் இன்னொரு தடவை எழுந்துபோய்ப் பார்க்கும் வழக்கம், படித்து முடித்த செய்தித்தாளைப் புதுத்தாள்போல் மடித்து வைக்கும் ஒழுங்கு, வெளியூர்ப் போன் வந்தால் தானாக உயரும் குரல். இவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பத்தாயிரம் தடவை பார்த்ததை எப்படி மறந்துபோவோம் என்ற நம்பிக்கைதான் காரணம். நினைவைப் பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் இந்த நம்பிக்கையைக் கவிழ்த்துவிடுகின்றன. அடிக்கடி நடந்தது என்பதாலேயே ஒரு செயல் விவரத்தோடு மனத்தில் தங்கிவிடாது. பெரும்பாலும் அதன் விவரங்களே முதலில் கரைகின்றன. ஆகவே, மறைந்த ஒருவரைப் பற்றி ஒரே ஒரு பக்கம்தான் எழுத முடியும் என்றால், அந்தப் பக்கத்தை அவருடைய சாதனைகளுக்கோ குணநலன்களுக்கோ கொடுப்பதைவிட, அவருடைய வீட்டுப் பழக்கங்களுக்குக் கொடுப்பதே சரி என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் சான்றைப் பார்ப்போம். 1979இல் ரேமண்ட் நிக்கர்சன், மர்லின் ஆடம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையும்படி ஆட்களிடம் கேட்டார்கள். பிறந்தது முதல் கையில் புழங்கிய காசு அது. ஆனாலும் அதிலுள்ள தலை, எழுத்து, ஆண்டு முதலிய அம்சங்களில் பாதியைக்கூடப் பெரும்பாலோரால் சரியான இடத்தில் போட முடியவில்லை. சரியான நாணயத்தையும் தவறான பல வடிவங்களையும் ஒருசேரக் காட்டி அடையாளம் சொல்லச் சொன்னபோதும் பலர் தடுமாறினார்கள். நம் ஊர்ப் பத்து ரூபாய் நாணயத்தைப் பையிலிருந்து எடுக்காமல் வரைந்து பார்த்தால் வாசகருக்கும் இது விளங்கும். காசைப் பயன்படுத்த அதன் நிறமும் அளவும் தெரிந்தால் போதும். போதுமானது கிடைத்ததும் மூளை மேற்கொண்டு பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. வீட்டில் இருப்பவர்களையும் நாம் இப்படித்தான் பார்க்கிறோம். அம்மா சமையலறையில் இருக்கிறாள் என்பது தெரிந்தால் போதும். கடுகு வெடிப்பதற்கும் கறிவேப்பிலை போடுவதற்கும் இடையில் அவள் என்ன செய்தாள் என்பதைக் கவனிக்க அந்த நேரத்தில் நமக்கு எந்தக் காரணமும் இருப்பதில்லை.

கவனித்திருந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கனடாவின் டொரன்டோவில் பணியாற்றிய எண்டல் டல்விங் 1972இல் நினைவை இரண்டாகப் பிரித்தார். குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட ஒரு நேரத்தில் நடந்ததை மீண்டும் வாழ்ந்து பார்ப்பதுபோல் நினைப்பது நிகழ்வு நினைவு. எப்போது எங்கே தெரிந்துகொண்டோம் என்ற அடையாளம் இல்லாமல் வெறும் செய்தியாகத் தெரிந்திருப்பது பொருள் நினைவு. அமெரிக்க உளவியலாளர் மேரிகோல்ட் லின்டன், ஒன்று எப்படி மற்றதாக மாறுகிறது என்பதைத் தம்மிடமே சோதித்தார். 1972 தொடங்கி ஆறு ஆண்டுகள் நாள்தோறும் குறைந்தது இரண்டு நிகழ்ச்சிகளை அட்டையில் எழுதிவைத்து, மாதந்தோறும் பழைய அட்டைகளை எடுத்துத் தமக்கு என்ன நினைவிருக்கிறது என்று பார்த்தார். வெளியூரில் திரும்பத் திரும்ப நடந்த ஒரே வகைக் கூட்டங்கள் அவருக்குப் பாடம் சொல்லின. முதல் கூட்டம் விவரத்தோடு நின்றது. எண்ணிக்கை கூடக்கூட, கூட்டங்களைப் பற்றிய பொது அறிவு வளர்ந்தது. ஆனால் எந்தக் கூட்டத்தில் எது நடந்தது என்பது பிரித்தறிய முடியாமல் போயிற்று. அட்டையில் தாமே எழுதிய வரியைப் படித்தும், அது எதைக் குறிக்கிறது என்று தெரியாத நிலைக்கு அவர் சில சமயம் வந்தார். பலர் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையில் பாதை தெளிவாகத் தெரியும், தனித்தனிக் காலடி தெரியாது. பழகிய செயலைப் பற்றிய நினைவும் அப்படித்தான்.

இந்த மாற்றத்தால் என்ன இழப்பு என்று கேட்கலாம். பாதை இருந்தால் போதாதா? போதாது. பாதையாகத் தேய்ந்தபின் மிஞ்சுவது 'அப்பா காலையில் பேப்பர் படிப்பார்' என்ற வகை வாக்கியம். அது பொய்யில்லை, ஆனால் லட்சம் அப்பாக்களுக்கும் அது பொருந்தும். முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்புவாரா, இரங்கல் விளம்பரங்களை உரக்கப் படித்து யாருக்காவது சொல்வாரா, குறுக்கெழுத்துக் கட்டத்தைப் பென்சிலால் நிரப்புவாரா, அதற்குமுன் யாராவது தாளைக் கலைத்துவிட்டால் கோபம் வருமா என்ற விவரங்கள்தாம் அந்த அப்பாவை மற்ற அப்பாக்களிடமிருந்து பிரிக்கின்றன. மூளை சிக்கனம் கருதி முதலில் கழித்துவிடுவதும் இந்த விவரங்களைத்தான். எல்லோருக்கும் பொதுவானது தங்குகிறது, ஒருவருக்கு மட்டுமே உரியது போய்விடுகிறது. இரங்கல் கட்டுரைகளில் இறந்தவர்கள் எல்லோரும் அன்பும் பண்பும் நிறைந்த ஒரே மனிதர்போலத் தோன்றுவதற்கு எழுதுபவரின் திறமைக் குறைவு மட்டும் காரணம் இல்லை. நினைவு வேலை செய்யும் விதமே எழுதுபவரை அந்தப் பொதுமையை நோக்கித் தள்ளுகிறது. முயன்று எதிர்த்தால் ஒழிய அதிலிருந்து தப்ப முடியாது.

பழக்கங்கள் ஒருவரின் ஓரத்துச் செய்திகள், மையம் அவருடைய எண்ணங்களும் முடிவுகளும்தானே என்று நினைப்பவர்கள், ஒரு நாள் எவற்றால் ஆனது என்பதைப் பார்க்க வேண்டும். வெண்டி வுட்டும் அவருடைய சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் மணிக்கொரு தடவை தாங்கள் அப்போது செய்துகொண்டிருந்ததைக் குறித்தார்கள். செய்த செயல்களில் ஏறத்தாழ 43 சதவீதம், அநேகமாக நாள்தோறும் அதே சூழலில் செய்யப்படுபவை. அவற்றைச் செய்யும்போது மனம் பெரும்பாலும் வேறு எங்கோ இருந்தது. மூளைக்குள் இது எப்படி நடக்கிறது என்பதை எம்ஐடியில் ஆன் கிரேபியலின் ஆய்வுக்கூடம் எலிகளைக் கொண்டு காட்டியது. புதிதாக வழி கற்கும் எலியின் மூளையில், பேசல் கேங்லியா எனப்படும் ஆழ்பகுதி நரம்புகள் வழிநெடுகத் துடிக்கின்றன. வழி பழகியபின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே துடிப்பு உயர்கிறது; இடையில் உள்ளது முழுவதும் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டுவிடுகிறது. மனிதர்களின் பழக்கத்துக்கும் இதே பகுதிகள் அடிப்படை. இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. பழக்கத்தைச் செய்பவருக்கே அது தெரிவதில்லை. பாட்டி தன் வரலாற்றைத் தானே எழுதியிருந்தாலும், வெற்றிலையைக் கிள்ளுமுன் புடவைத் தலைப்பில் துடைப்பதை எழுதியிருக்க மாட்டாள். அந்தச் செய்தி கூட இருந்தவர்களின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது, அங்கேயும் தேய்ந்துகொண்டிருக்கிறது. அலுவலகம், பதவி, சொத்து என்று காகிதத்தில் தடம் விடாமல் வாழ்நாளை வீட்டுக்குள் கழித்த பெண்களைப் பொறுத்தவரை இந்த இழப்பு இன்னும் பெரிது. அவர்களுடைய வேலை முழுவதும் பழக்கமாகவே நடந்தது. பழக்கம் போனால் ஏறக்குறைய வரலாறே போகிறது.

இழப்புக்குப் பிந்தைய முதல் மாதங்கள் இந்த வேலைக்கு முக்கியமானவை. ஒரே வீட்டில் வாழ்பவர்களின் பழக்கங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. அவர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் இவர் அடுப்பில் பால் வைப்பார். ஒருவர் போனபின்னும் மற்றவரின் மூளை அந்தச் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. வேல்ஸ் நாட்டுப்புறத்தில் மருத்துவராக இருந்த டூவி ரீஸ், துணையை இழந்த 293 பேரைச் சந்தித்து 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இப்படிப்பட்ட அனுபவம் இருந்தது: பலர் இறந்தவர் அருகில் இருப்பதுபோல உணர்ந்தார்கள், சிலர் அவர் குரலைக் கேட்டார்கள். இது மனநோயின் அறிகுறி இல்லை, இயல்பானது என்றே ரீஸ் முடிவு கட்டினார். துயரத்தை ஆராயும் நரம்பியலாளர் மேரி பிரான்சஸ் ஓகானர், துயரப்படுவதை ஒருவகைக் கற்றல் என்று விளக்குகிறார்: அவர் இங்கே இருப்பார் என்று பல்லாண்டு கற்ற மூளை, இனி இல்லை என்பதைப் பல நூறு ஏமாற்றங்களின் வழியாகத்தான் கற்கிறது. இந்த விளக்கம் சரி என்றால் எழுதுபவருக்கு அதில் ஒரு கருவி கிடைக்கிறது. தட்டை ஒன்று கூடுதலாக எடுத்து வைத்துவிடுவது, ஆறு மணிக்குக் காது தானாகக் கேட்டைக் கவனிப்பது போன்ற ஒவ்வொரு ஏமாற்றமும், வேறு எப்படியும் நமக்குத் தெரிந்திராத ஒரு பழக்கத்தைச் சுட்டிக்காட்டுகிறது. சில மாதங்களில் மூளை புதிய கணக்கைக் கற்றுக்கொண்டதும் அந்தச் சுட்டுதலும் நின்றுவிடும். ஆகவே ஆண்டு நிறைவுக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் கையிலிருக்கும் சான்றில் ஒரு பகுதி அதற்குள் அழிந்துவிடும்.

ஏற்கெனவே பல ஆண்டுகள் போய்விட்டவர்கள் என்ன செய்வது? மறந்தது எல்லாம் அழிந்துவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. டச்சு உளவியலாளர் வில்லெம் வாகெனார் தம் வாழ்க்கை நிகழ்ச்சிகளை ஆறு ஆண்டுகள் பதிவுசெய்து, யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்கு துப்புகளில் எது நினைவை மீட்கிறது என்று சோதித்து 1986இல் எழுதினார். 'என்ன' என்பதே மிக நல்ல துப்பு. 'எப்போது' என்பது தனியாக ஏறக்குறைய எதையும் மீட்கவில்லை. 'எண்பத்தைந்தாம் ஆண்டில் தாத்தா எப்படி இருந்தார்' என்று கேட்டால் பதில் வராது. 'தாத்தா சவரம் செய்துகொண்டது எப்படி' என்று கேட்டால் கிண்ணமும் தூரிகையும் முகம் பார்த்த ஜன்னலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மணமும் இப்படி ஒரு துப்பு. பார்வையும் ஒலியும் தலாமஸ் என்ற இடைநிலையத்தின் வழியாகவே மூளையின் புறணிக்குச் செல்கின்றன. மண உணர்வோ அந்த இடைநிலையத்தைத் தொடாமலேயே, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் அடிப்படையான பகுதிகளை எட்டிவிடும். ஸ்வீடனில் முதியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. சொல்லும் படமும் பெரும்பாலும் இளமைப்பருவ நினைவுகளைக் கிளறின. மணம் முதல் பத்து வயது நினைவுகளைக் கிளறியது. சங்கப் புலவர் ஆய்வு எதுவும் இல்லாமலே இந்த வழியைக் கண்டிருந்தார். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியதாக உள்ள புறநானூற்று 235ஆம் பாட்டின் முற்பகுதியில் போர் வெற்றிகளின் பட்டியல் இல்லை. கள் குறைவாக இருந்தால் என்ன செய்வான், நிறைய இருந்தால் என்ன செய்வான், சோற்றை எப்படிப் பலரோடு பகிர்வான், நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் தலையை எப்படித் தடவுவான் என்ற வழக்கங்களே வரிசையாக வருகின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு மன்னன் இன்றும் மனிதனாகத் தெரிவதற்கு அந்த வழக்கங்களே காரணம்.

உரைநடையில் இதற்கு இணையான சான்று உ.வே. சாமிநாதையர். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். ஆசிரியரின் வரலாற்றை ஐயர் இரண்டு பாகங்களாக 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்; 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் சரித்திர'த்திலும் அவரைப் பற்றி விரிவாக எழுதினார். அந்த நூலில் பலர் மனத்திலும் நிற்கும் பகுதி, பிள்ளையின் ஒரு வீட்டுப் பழக்கம். மாயூரத்தில் தம் வீட்டுத் தோட்டத்து மரங்களில் புதுத்தளிர் விட்டிருக்கிறதா என்று அவர் காலைதோறும் பார்ப்பார். அவர் கவனத்தைப் பெற வழி தேடிய பதினாறு வயது மாணவரான ஐயர் முன்னதாகவே எழுந்து தளிர்களைத் தேடிவைத்துக் காட்டுவார். நடந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து எழுதிய செய்தி இது. பிள்ளை இயற்றிய நூல்களின் பட்டியல் வேறு எங்கும் கிடைக்கும். தளிர் தேடிய கண்கள் ஒரு மாணவர் எழுதாவிட்டால் கிடைத்திரா. இத்தனை காலம் கழித்தும் அது விவரத்தோடு நின்றதற்கு நினைவறிவியலில் காரணம் உண்டு. மாணவர் அந்தப் பழக்கத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதில் அவருக்கு ஒரு நோக்கமும் ஆவலும் இருந்தன. நோக்கத்தோடு கவனித்தது தேய்வை எதிர்க்கிறது. நம் வீட்டில் உள்ளவர்களைப் பெரும்பாலோர் அப்படிக் கவனிப்பதில்லை என்பதால்தான் நமக்கு எழுத்தின் உதவி அவரைவிட அதிகமாக வேண்டியிருக்கிறது.

எப்படி எழுதுவது என்பதற்கும் இந்த ஆய்வுகளிலிருந்தே வழி கிடைக்கிறது. குணத்தைச் சொல்லும் வாக்கியம் எழுந்தால், அது எந்தச் செயலில் தெரிந்தது என்று அடுத்துக் கேட்க வேண்டும். 'சிக்கனமானவர்' என்பது குணம். சோப்புத் துண்டு தேய்ந்ததும் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைப்பார் என்பது பழக்கம். பழக்கம் கிடைத்ததும், அது தவறிய நாளைத் தேட வேண்டும். வழக்கத்துக்கு மாறானதை மூளை தனியாகக் குறித்து வைக்கிறது என்பது பல ஆய்வுகளில் கண்டது. நாள் தவறாமல் வாசலில் கோலம் போட்டவர் எந்த நாளில் போடவில்லை, அன்று யார் போட்டார்கள், அதைப் பார்த்து அவர் என்ன சொன்னார் என்று கேட்டால், பொதுமையாகக் கிடந்த வழக்கம் உடைந்து ஒரு குறிப்பிட்ட காலைப் பொழுது வெளியே வரும். குணத்திலிருந்து பழக்கத்துக்கும், பழக்கத்திலிருந்து ஒரு நாளுக்கும் இறங்குவதே முறை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, நினைவையே நம்பலாமா என்பது. கேம்பிரிட்ஜின் பிரெடரிக் பார்ட்லெட் 1932இலேயே, நினைவுகூர்தல் என்பது எடுத்துப் படிப்பதன்று, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுவது என்று காட்டிவிட்டார். அப்படியானால் நாம் எழுதும் பாட்டி பாதி நம் கற்பனையாக இருக்கலாமே? இருக்கலாம். ஆனால் பழக்கங்களைப் பொறுத்தவரை ஒரு வேறுபாடு இருக்கிறது. அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் ஜான் டீன் 1973இல் வாட்டர்கேட் விசாரணையில் தந்த வாக்குமூலத்தை, பின்னர் வெளிவந்த ஒலிநாடாக்களோடு உல்ரிக் நைசர் ஒப்பிட்டு 1981இல் எழுதினார். எந்தச் சந்திப்பில் யார் என்ன சொன்னார்கள் என்பதில் டீன் நிறையத் தவறியிருந்தார். ஆனால் பல சந்திப்புகளில் திரும்பத் திரும்ப நடந்தது என்ன என்பதில் அவர் சொன்னது அடிப்படையில் சரி. நாள்களையும் சந்தர்ப்பங்களையும் கலந்து குழப்புவதே இவ்வகை நினைவின் பெரிய பிழை. பழக்கத்தை எழுதுபவருக்கு எந்த நாள் என்பது பெரும்பாலும் தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. பழக்கத்துக்குச் சாட்சிகள் பலர். பொருள்களும் சாட்சி சொல்லும்: ஒருபக்கம் மட்டும் தேய்ந்த அம்மி, உழக்குக்குப் பதில் அளவாகப் பயன்பட்ட டம்ளர், நாள்காட்டியின் ஓரத்தில் எழுதிய பால் கணக்கு. ஒரு தடவை மட்டும் நடந்த உரையாடலுக்கு இந்தச் சரிபார்ப்பு கிடைப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு, கையில் செல்போன் இருக்கும் காலத்தில் எழுத்து எதற்கு என்பது. குரலையும் நடையையும் எழுத்தால் தர முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றுக்குப் பதிவுதான் வேண்டும். ஆனால் கேமராவை எப்போது எடுக்கிறோம் என்று பாருங்கள். பிறந்தநாள், பண்டிகை, சுற்றுலா என்று வழக்கம் நின்ற நாள்களில்தான். படம் எடுப்பவர்களைக் கண்டதும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றுவிடுகிறாள். பழக்கம் அங்கேயே கலைந்துவிடுகிறது. மேலும், லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் படம் எடுத்த பொருள்களைப் பார்வையாளர்கள் வெறுமனே பார்த்தவற்றைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை மட்டும் நெருங்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறை ஏற்படவில்லை. நினைவைக் காப்பது நெருங்கிக் கவனித்ததுதான் என்று கொள்ளலாம். எழுதுவதற்கு அந்தக் கவனம் இல்லாமல் முடியாது.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. எழுதியது நிலைக்கும், எழுதாதது அதனாலேயே இன்னும் வேகமாக மறையாதா? ஆம், அந்த ஆபத்து உண்மை. மைக்கேல் ஆண்டர்சனும் ராபர்ட் பியோர்க், எலிசபெத் பியோர்க் இருவரும் 1994இல் காட்டியது இதைத்தான்: ஒரு தொகுப்பில் சிலவற்றை மட்டும் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தால், அதே தொகுப்பின் மற்றவை நினைவுக்கு வருவது முன்னைவிடக் கடினமாகிறது. குடும்பங்களில் ஒரே நான்கு கதைகள் வழிவழியாகச் சொல்லப்பட்டு, இறந்தவர் அந்த நான்கு கதைகளுக்குள் சுருங்கிப்போவது இதனால்தான் என்று சொல்லலாம். ஆனால் எழுதாமல் இருப்பது இதற்கு மருந்தாகாது. எழுதாவிட்டாலும் அந்த நான்கு கதைகள் பேச்சில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மருந்து, பலர் எழுதுவது. அதிலும் வரிசை முக்கியம். ஒன்றாகக் கூடி நினைவுகூரும் குழு, அதே எண்ணிக்கையினர் தனித்தனியே நினைவுகூர்ந்ததன் மொத்தத்தைவிடக் குறைவாகவே நினைவுகூர்கிறது என்பது 1990களிலிருந்து பலமுறை உறுதியான முடிவு; ஒருவர் பேசும் ஒழுங்கு மற்றவர் நினைக்கும் ஒழுங்கைக் கலைக்கிறது. ஆகவே அண்ணன், தங்கை, மருமகள், பேரன், பல ஆண்டு வீட்டு வேலைக்கு வந்தவர் என எல்லோரும் முதலில் தனியே எழுதட்டும்; பிறகு கூடிப் படிக்கட்டும். முரண்பாடு வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். மருமகள் கண்ட மாமியாரும் மகன் கண்ட அம்மாவும் ஒரே ஆள் இல்லை என்பதும் ஒரு செய்திதானே.

நான்காவது மறுப்பு மருத்துவம் சார்ந்தது: இறந்தவரையே நினைத்து எழுதிக்கொண்டிருந்தால் துயரம் எப்படித் தீரும்? பிராய்டு 1917இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலிருந்து நெடுங்காலம், இறந்தவரிடமிருந்து மனத்தை மெல்ல விடுவித்துக்கொள்வதே துயரத்தின் வேலை என்ற கருத்து நிலவியது. 1996இல் டென்னிஸ் கிளாஸ், ஃபில்லிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் தொகுத்த நூல் இதைக் கேள்விக்குள்ளாக்கியது. பெரும்பாலோர் உறவை அறுப்பதில்லை, வேறு வடிவில் தொடர்கிறார்கள், அது நோயன்று என்று அது காட்டியது. ஆண்டுதோறும் திதி கொடுத்து, பிடித்த பலகாரத்தைப் படைக்கும் நம் வீடுகளுக்கு இது புதுச் செய்தியாக இராது. அதற்காக எழுத்து ஆற்றுமருந்து என்றும் சொல்லிவிட முடியாது. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல், நான்கு நாள்கள் பதினைந்து நிமிடம் துன்ப அனுபவத்தை எழுதிய மாணவர்கள் பிறகு மருத்துவரிடம் குறைவாகச் சென்றதைக் கண்டார்கள். 2006இல் 146 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது பலன் இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது என்று தெரிந்தது. அண்மையில் துணையை இழந்தவர்களிடம் மார்கரெட் ஸ்ட்ரோபே குழுவினர் நெதர்லாந்தில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு, எழுதியதால் துயரம் விரைந்து குறைந்ததற்குச் சான்று இல்லை என்றது. இந்த முடிவுகளை மறைத்துவிட்டு எழுதினால் மனப்பாரம் குறையும் என்று ஆசை காட்டுவது நேர்மையாகாது.

இருந்தாலும் இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, தம் உணர்ச்சிகளை எழுதச் சொன்னவை. இங்கே சொல்வது இறந்தவரின் செயல்களை எழுதுவது. மனச்சோர்வில் உள்ளவர்களால் கடந்தகாலத்தைக் குறிப்பிட்ட நிகழ்ச்சிகளாக எளிதில் நினைக்க முடிவதில்லை, பெரும்பாலும் பொதுமையாகவே வருகிறது என்பது, மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பெண்ட் ஆகியோர் தற்கொலைக்கு முயன்றவர்களிடம் நடத்திய 1986 ஆய்வுக்குப் பின் தொடர்ந்து காணப்படுவது. போரில் தந்தையை இழந்து ஈரானில் அகதிகளாக வாழ்ந்த ஆப்கன் வளரிளம்பருவத்தினருக்கு, நினைவுகளைக் குறிப்பாகச் சொல்லும் பயிற்சியைச் சில வாரம் தந்து பார்த்த சிறிய ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களின் மனச்சோர்வு இரண்டு மாதம் கழித்து, பெறாதவர்களைவிடக் குறைந்திருந்தது. சிலரை மட்டும் கொண்டு நடந்த ஆய்வு இது. இதை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது. பொதுமையிலிருந்து விவரத்துக்கு இறங்குவது தீங்கு செய்யாது, நன்மையும் செய்யக்கூடும் என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் சொன்னதுபோல, துயரப்படுபவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறிமாறிச் சென்று வருவதே இயல்பு. எழுதத் தோன்றாத நாளில் எழுத வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு மேலாகியும் துயரம் அன்றாட வாழ்க்கையையே முடக்கிவைத்திருந்தால் தேவைப்படுவது நோட்டுப் புத்தகம் இல்லை, மருத்துவர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதைத் தனிக் கோளாறாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பழக்கங்களை எழுதவேண்டும் என்ற வாதம் எழுதுபவரின் நலத்தை நம்பி நிற்கவில்லை. இறந்தவரைப் பற்றிய உண்மையைக் காப்பதே அதன் நோக்கம்.

சில்லறை விஷயங்களை எழுதுவது பெரியவர்களின் மரியாதைக்குக் குறைவு என்ற தயக்கம் கடைசியாக எஞ்சும். வெளியே சொல்லக்கூடாதவை எந்தக் குடும்பத்திலும் உண்டு, அவற்றை விட்டுவிடலாம். ஆனால் முணுமுணுப்பும் பிடிவாதமும் மூக்குப்பொடியும் சேர்ந்ததுதான் ஒரு மனிதர். கள்ளைப் பகிர்ந்ததைச் சொன்னதால் அதியமான் சிறுமைப்படவில்லை.

செய்வதற்கு நமக்கு இடமும் ஏற்கெனவே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும், அங்கிருந்து புலம்பெயர்ந்தவர்களிடையிலும் இறந்தவரின் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அச்சிட்டுக் கொடுப்பது நீண்ட வழக்கம். வம்சாவளி, வாழ்க்கை வரலாறு, தேவாரம், கல்வெட்டு எனப்படும் இரங்கற்பாக்கள் எல்லாம் அதில் இருக்கும். 'நூலகம்' என்ற மின்னூலகம் இத்தகைய மலர்களைத் தனித் தொகுப்பாகவே சேர்த்து வைத்திருக்கிறது. நாளைய சமூக வரலாற்றாசிரியருக்கு அது பெரும் சுரங்கம். தமிழ்நாட்டில் நாளிதழ் நினைவஞ்சலியும் தெருமுனைக் கண்ணீர் அஞ்சலிப் பலகையும் இருக்கின்றன; அவற்றில் படமும் பட்டமும் தவிர வேறெதற்கும் இடம் இல்லை. மலர் போடும் வழக்கம் உள்ளவர்கள், அடுத்த தடவை இரண்டு பக்கத்தைப் பழக்கங்களுக்கு ஒதுக்குங்கள். வழக்கம் இல்லாதவர்கள், கருமாதிக்கு வீட்டில் கூடியிருக்கும் நாள்களிலேயே ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, அவர் தினமும் செய்ததில் ஐந்தை எழுதச் சொல்லுங்கள். பேசிக்கொள்ளாமல் எழுதட்டும், பேரப்பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். தாள்களைச் சேர்த்து, தேதி போட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் உறையிலேயே வையுங்கள்.